வாயு என்று சொல்லச் சொன்னாய்

கடத்தூர்
ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் மாதேசுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று மாரியம்மனைக் கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, பழக்கம் அப்படி, ஆனால் எழுத மாட்டேன். உன் தம்பி சரத் எழுந்து நடமாடுகிறான், சாப்பிடுகிறான், என்மேல் எரிந்து விழுகிறான். உங்கப்பா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார், சோறு வேண்டுமென்றால் தட்டை நகர்த்துகிறார், அவ்வளவுதான். இந்த வீட்டில் யார் மேலும் கோபம் இல்லாமல் இருப்பது கறவை மாடு ஒன்றுதான். நீயும் திருவிழாவுக்கு அப்புறம் என் போனை எடுப்பதில்லை, எடுத்தாலும் டூட்டியில் இருக்கிறேன் என்று வைத்துவிடுகிறாய். போனில் நான் வாயைத் திறந்தால் நீ குறுக்கே பேசுவாய். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான் லீவு முடிந்து மஸ்கட் திரும்புகிற உன் ரூம் குமார் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே ராகி மாவும் எள்ளுருண்டையும் இருக்கிறது. எள்ளுருண்டையைத் தின்றுவிட்டுக் கடிதத்தைப் படிக்காமல் வைத்தாய் என்றால் குமார் எனக்குச் சொல்லிவிடுவான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நீ போனில் சொன்னதை நான் செய்யவில்லை. செய்யாததற்கு மன்னிப்புக் கேட்கவும் போவதில்லை. வாயுன்னு மட்டும் சொல்லும்மா, பொண்ணு வீட்டு ஏரியூர்க்காரங்க பக்கத்துல நிக்கறாங்க, நிச்சயம் முடியற வரைக்கும் வேற எதுக்கும் வாயத் தொறக்காத என்றாய். நான் திறந்தேன். உன் நிச்சயதார்த்தம் நின்று கிடக்கிறது. பெத்தவளே பையன் கல்யாணத்தைக் கெடுத்தாள் என்று ஊரில் பேசுகிறார்கள், நீயும் உங்கப்பாவிடம் அப்படித்தான் சொன்னாய். உங்கப்பா ஸ்பீக்கர் போட்டுத்தான் பேசுவார் என்பது உனக்கு மறந்துபோய்விட்டது போலிருக்கிறது. சரி, கெடுத்தவள் நடந்ததைச் சொல்கிறேன், முழுசாகக் கேள்.

சரத் ஓசூர் கம்பெனியில் காண்ட்ராக்ட் முடிந்து தை மாதம் வீட்டுக்கு வந்தான் அல்லவா, வந்ததிலிருந்தே அப்பப்போ நெஞ்சைப் பிடித்துக்கொள்வான். நடு மார்பில் கல்லை வைத்த மாதிரி இருக்குது என்பான், தோள்பட்டைக்கு இழுக்குது என்பான், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது என்று எழுந்து போய்விடுவான். இருபத்திரண்டு வயசுப் பிள்ளைக்கு இதயத்தில் கோளாறு என்று யார் நினைப்பார்கள். வாயு என்றோம். உங்கப்பா சோடாவில் உப்புப் போட்டுக் கொடுத்தார். நான் ஓமத்தை வறுத்துக் கொதிக்க வைத்தேன், பூண்டை உரித்துப் பாலில் போட்டேன். மருந்துக் கடையில் சொல்லி ரோஸ் கலரில் ஒரு மருந்து வாங்கி ஊற்றினோம். அதற்கும் அடங்காதபோது மூச்சுப் பிடிப்பு என்று சொல்லி, நம் தெருக்கோடிக் குள்ளம்மாள் வந்து விளக்கெண்ணெய் போட்டு முதுகையும் விலாவையும் நீவி விட்டாள். அவன் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. குள்ளம்மாள் தன் கையால் பிடித்துப் பார்த்த மாதிரி, பையனுக்கு உள்ள வாயு உருண்டையா நிக்குது என்று சொன்னாள். எல்லோருக்கும் நிம்மதி. வாயு என்றால் பயமில்லை, செலவில்லை, யாரும் யாரையும் ஒன்றும் கேட்க வேண்டியதில்லை.

எனக்கு மட்டும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. நம் பட்டுப்புழு ஷெட்டுச் சட்டம் உனக்குத் தெரியும். பீடி சிகரெட் குடித்தவன், புகையிலை போட்டவன் உள்ளே கால் வைக்கக் கூடாது. அந்தக் கையால் தழை போட்டால் புழு தலையைத் தூக்கித் தூக்கி ஆட்டும், பச்சையாகக் கக்கும், சுருண்டு விழும். உங்கப்பா பீடியை விட்டதே புழுவுக்காகத்தான், எனக்காக ஒன்றும் இல்லை. சரத் வந்ததிலிருந்து ஷெட்டுக்குள் வருவதே இல்லை. மல்பெரித் தழையை அறுத்துக் கட்டுவான், தூக்கிக்கொண்டு வருவான், வாசலிலேயே போட்டுவிட்டுப் போய்விடுவான். உள்ள வாடா, ஒரு கை போடு என்றால், கை அழுக்கும்மா என்பான். கழுவினால் போகாத அழுக்கு என்னடா அழுக்கு என்று சோம்பேறிப் பட்டம் கட்டித் திட்டுவேன். புழு சாகக் கூடாது என்று அந்தப் பிள்ளைக்கு அவ்வளவு கரிசனம், தன் நெஞ்சைப் பற்றி மட்டும் ஒரு கரிசனமும் இல்லை.

வைகாசியில் திருவிழா வந்தது. பையனுக்குக் காப்புக் கட்டி விடுங்க, ஆத்தா பாத்துக்குவா என்று பூசாரி உங்கப்பாவிடம் சொன்னார். சரத்தும் மறுக்கவில்லை, மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டு கையில் காப்போடு கோயிலிலேயே படுத்தான். காப்புக் கட்டினவன் கறி, குடி, பீடி எதையும் தொடக் கூடாது, ஊரே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும், திருட்டுத்தனம் பண்ண வழியே இல்லை. மாதேசு, அந்த நாட்களில் அவனுக்கு ஒரு தடவைகூட நெஞ்சு வலிக்கவில்லை. முதலில் கடுகடு என்று இருந்தான், தூக்கம் வரவில்லை என்றான், பிறகு முகம் தெளிந்துவிட்டது. பகலில் வீட்டுக்கு வந்து போவான். ஒரு நாள் நான் தழை போட்டுக்கொண்டிருக்கும்போது தானாக ஷெட்டுக்குள் நுழைந்து என் பக்கத்தில் நின்று அவனும் தழை போட்டான்.  புழுவைப் பார்த்தேன், அது பாட்டுக்குத் தின்றது. அவன் கையைப் பார்த்தேன். மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது, திருவிழா நேரத்தில் எதற்கு என்று வெளியே சொல்லவில்லை. தீக்குண்டம் இறங்கினான், காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆத்தா குணமாக்கிவிட்டாள் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் கையெடுத்துக் கும்பிட்டேன்.

காப்பு அவிழ்த்த அன்று நேர்ந்துகொண்டபடி கிடா வெட்டினோம். உனக்குப் பார்த்த பெண் எழிலரசியின் தாய்மாமன் அர்ச்சுனன் ஏரியூரிலிருந்து காரில் வந்திருந்தார், சம்பந்தம் ஆகப்போகிற இடம் என்று நாம்தான் அழைத்தோம். சரத் மத்தியானம் இரண்டு தரம் கறி வாங்கித் தின்றான், அவருக்குப் பாய் எடுத்துப் போட்டான், பையன் நல்ல பையனா இருக்கறானே என்று அவர் வாயாரச் சொன்னார். சாயங்காலம் சிநேகிதப் பசங்களோடு ஏரிக்கரைப் பக்கம் போனான். பொழுது இறங்குவதற்குள் கூடப் போன மாதம்மாள் மகன் அவனை வண்டியில் வைத்துக் கொண்டுவந்து வாசலில் இறக்கினான். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை. ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் என் கையைப் பிடித்தான். அம்மா, இது வேற மாதிரி இருக்குதும்மா என்றான். 

உடனே ஆளாளுக்கு டாக்டர் ஆகிவிட்டார்கள். காப்பில் இருந்தபோது ஏதோ தப்புப் பண்ணியிருக்கிறான், ஆத்தா கோபித்துக்கொண்டாள், கோயிலில் படுக்க வைத்து மறுபடி காப்புக் கட்டுங்கள் என்றார்கள். பூசாரி தட்டில் திருநீறோடு வந்தே விட்டார். இன்னொருத்தர், காய்ந்த வயிற்றில் கறி விழுந்தது, வாயு மேலே ஏறியிருக்கிறது என்றார். உங்கப்பா சோடாவுக்கு ஆள் அனுப்பினார். எனக்கு வந்ததே கோபம். கறியால் வருவதாக இருந்தால் மத்தியானமே வந்திருக்க வேண்டும், தின்றுவிட்டு இவன் எல்லோருக்கும் பந்தி பரிமாறிக்கொண்டு திரிந்தான். ஆத்தாவுக்குக் கோபம் என்றால் குண்டத்திலேயே காலைச் சுட்டிருப்பாள். காப்பில் எது இல்லாமல் இருந்தது, இப்போது எது திரும்பி வந்தது, அதை யாரும் கேட்கவில்லை. மாதம்மாள் மகன் நைசாக வண்டியைத் திருப்பினான். ஓடிப்போய் அவன் காலரைப் பிடித்தேன். என்னடா குடிச்சீங்க என்றேன். சிகரெட்டுதான் பெரிம்மா என்றான். அவன் சட்டையில் அடித்தது சிகரெட் வாசனை இல்லை, பச்சையும் காய்ந்ததுமாகச் செத்தையைக் கொளுத்தின மாதிரி ஒரு நாற்றம். சொல்றியா, உங்கம்மாளக் கூப்புடட்டுமா என்றேன். அழுதுவிட்டான். சிகரெட்டைப் பிரித்து உள்ளே கஞ்சா வைத்துக் குடித்தார்களாம், ஓசூர் ரூமிலேயே பழக்கமாம், இத்தனை நாள் விட்டதற்கும் சேர்த்து உன் தம்பி மூச்சைப் பிடித்து இழுத்தானாம். பூசாரியிடம், திருநீற அப்புறம் வைங்க சாமி, மொதல்ல ஆஸ்பத்திரி என்று சொல்லிவிட்டு நேராக அர்ச்சுனன் கார் முன்னால் போய் நின்றேன். அண்ணா, வண்டியெடுங்க என்றேன். அந்த மனுஷன் ஒரு கேள்வி கேட்கவில்லை, எடுத்தார். அதற்காக அவரை ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்.

தருமபுரி பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா இருந்தார். நெஞ்சில் ஒயர் ஒட்டி ஈசிஜி எடுத்தார், காகிதத்தைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. ஏதாவது பழக்கம் உண்டா, என்ன சாப்பிட்டான் என்று கேட்டார். உங்கப்பா முந்திக்கொண்டு, வாயுங்க மேடம், கறி சாப்ட்டான் என்றார். அந்த நேரம் பார்த்துத்தான் நீ கூப்பிட்டாய். நெஞ்சுவலி என்று வந்திருக்கிறோம், எழிலரசி மாமனும் கூட நிற்கிறார் என்று உங்கப்பா சொல்லிவிட்டுப் போனை என் காதில் வைத்தார், நீயும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டாய். உங்கப்பா என் முழங்கையைப் பிடித்து அழுத்துகிறார். பக்கத்தில் அர்ச்சுனன். எதிரே உன் தம்பி வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்குகிறான். ஒரு பக்கம் உன் கல்யாணம், ஒரு பக்கம் அவன் உயிர், இதில் யோசிக்க என்ன இருக்கிறது, நீயே சொல். வாயு இல்லீங்க டாக்டரம்மா, சிகரெட்டுக்குள்ள கஞ்சா வெச்சுக் குடிச்சிருக்கறான், ரொம்ப நாளாவே குடிக்கறான், குடிச்சா வலிக்குது, குடிக்காத நாள்ல வலிக்கல என்று அங்கிருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன். போலீஸ் கேஸாயிரும்டி என்று உங்கப்பா பல்லைக் கடித்தார். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்து, நான் போலீஸ் இல்லீங்க ஐயா, டாக்டர் என்றது. எனக்கு அந்த இடத்திலேயே அதைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

அப்புறம் எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். அந்தப் புகை உள்ளே போனதும் இதயம் கண்டபடி அடித்துக்கொள்கிறதாம், அதற்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய் சுருங்கிப் பிடித்துக்கொள்கிறதாம், சிகரெட்டும் கஞ்சாவும் சேர்ந்தால் இன்னும் மோசமாம், வயசு சின்னது என்று அது இரக்கப்படாதாம். இந்த வயசுப் பசங்க நெறையப் பேரு வர்றாங்கம்மா, கூட வர்றவங்க வாயுன்னுதான் சொல்றாங்க, நாங்க கண்டுபிடிக்கறதுக்குள்ள நேரம் போயிருது, நீங்க சொன்னதுனால எது குடுக்கலாம் எது குடுக்கக் கூடாதுன்னு ஒடனே தெரிஞ்சுது என்றார். மாரடைப்பு வாசப்படி வரைக்கும் வந்து திரும்பியிருக்கிறது மாதேசு. உனக்குக் கோபம் வந்தால் வரட்டும், தாராளமாகக் கோபித்துக்கொள், கோபித்துக்கொள்ள உனக்கு ஒரு தம்பி உயிரோடு இருக்கிறான். சில நாள் வார்டில் வைத்திருந்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள், மாதா மாதம் போய்க் காட்ட வேண்டும், இந்தப் பழக்கத்தை விடுவதற்குப் பேசிப் புரியவைக்கிற ஒருத்தரையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

ஊருக்கு வந்தால் ஆத்தாவை அவமதித்துவிட்டேன் என்று கோயில்காரர்கள் முறைக்கிறார்கள். நேராகவே சொல்லிவிட்டேன். ஆத்தா மேல எனக்கு ஒரு கோவமும் இல்லீங்க, காப்புக் கட்டி அவனப் பொகை குடிக்காம நிறுத்தி வெச்சது அவதான், அவுத்து விட்டது நாமதான் என்றேன். பூசாரி மணியைத் துடைக்கப் போய்விட்டார். சரத் சும்மா இல்லை, முதல் வாரம் தட்டை விட்டெறிந்தான், பைத்தியம் பிடிக்குதும்மா என்று தலையில் அடித்துக்கொண்டான், நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே இருந்தேன். ஒரு நாள் காசியம்மாள் பெட்டிக்கடையில் நிற்கிறான் என்று தெரிந்து அங்கேயே போனேன். எம் மவனுக்கு இனிமே ஒண்ணும் குடுக்காத என்றேன். நான் குடுக்காட்டி வேற கடையில வாங்கப் போறான் தீர்த்தம்மா என்றாள். அந்தக் கடைக்கும் வருவேன் என்றேன். அந்தப் பசங்கள் வண்டியை முறுக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது விளக்குமாற்றோடு நின்றேன், வண்டி வந்த வேகத்தில் திரும்பியது. சரத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது, திருவிழாவுக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அவன் சிரித்துப் பார்த்தேன். முழுசாக விட்டுவிட்டான் என்று நான் சொல்ல மாட்டேன், இன்றைக்குக் குடிக்கவில்லை, அது தெரியும்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நானே ஏரியூர் போனேன், உங்கப்பா துணைக்கு வரவில்லை, பஸ் மாறி மாறித் தனியாகவே போனேன். எழிலரசியின் அம்மா நாற்காலி போட்டுக் காபி கொடுத்தார், முகத்தில் சிரிப்பில்லை. அர்ச்சுனன்தான் பேசினார். தங்கச்சி, நீங்க மறைக்காம சொன்னீங்க, அதுல எனக்குக் கொறை இல்ல, தம்பி கதை தெரிஞ்சுபோச்சு, அண்ணன் எப்பிடின்னு அதையும் நீங்களே சொல்லிருங்க, பொண்ணக் குடுக்கறதா வேண்டாமான்னு அப்புறம் பேசிக்கலாம் என்றார். எழிலரசி கதவோரம் நின்றது. என்னை நேராகப் பார்த்தது, கண்ணைத் தாழ்த்தவில்லை, எனக்குப் பிடித்திருந்தது. என் பெரிய மகனுக்கு ஒரு கெட்ட பழக்கமும் இல்லை என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சொல்லவில்லை. எனக்குத் தெரியாதுங்க அண்ணா, கேட்டுச் சொல்றேன், குடிக்கறான்னா குடிக்கறான்னுதான் வந்து சொல்லுவேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அன்றைக்கு உங்கப்பா உன்னிடம் நெஞ்சுவலி என்று மட்டும்தான் சொன்னார், கஞ்சாவைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. நெஞ்சுவலியில் மறைப்பதற்கு என்ன இருக்கிறது என்று உனக்கு எப்படிடா தெரிந்தது? ஆஸ்பத்திரி வார்டில் உட்கார்ந்து நான் இதைத்தான் யோசித்தேன். அப்புறம் குமார் லீவில் வந்தபோது விடாமல் கேட்டேன். மாதேசு ரூம்ல அப்பப்போ நெஞ்சப் புடிச்சிக்கிட்டு உக்காந்துக்கறான் அத்த, கேட்டா வாயுங்கறான் என்று சொல்லிவிட்டான். அவனைத் திட்டாதே, சொல்லாமல் இருந்திருந்தால்தான் அவனை நான் திட்டியிருப்பேன். நீ அங்கே சிகரெட்டோடு நிற்கிறாயா, அதற்கும் மேலா, எனக்குத் தெரியாது. என்ன என்று நீயே எழுது. கல்யாணம் இந்த இடத்தில் இல்லை என்றால் வேறு இடத்தில், இந்த வருஷம் இல்லை என்றால் அடுத்த வருஷம், அதற்கு நான் அஞ்சவில்லை. நீ வாயு என்று சொல்லிச் சொல்லி ஒரு நாள் அந்த ரூமில் தனியாக விழுந்து கிடப்பாயோ என்றுதான் ஈரக்குலை நடுங்குகிறது. இத்தனை பேரிடம் சண்டை போட்டவள் இதை நினைத்தால் மட்டும் உட்கார்ந்து அழுகிறேன்.

வெயிலில் வேலை செய்யும்போது தண்ணீர் நிறையக் குடி, ராகி மாவைப் பூசணம் பிடிக்க விடாதே, கூழ் காய்ச்சத் தெரியாவிட்டால் குமாரைக் கேள். ஆத்தா உன்னை நீண்ட ஆயுசோடு வைத்திருக்கட்டும், நீயும் உன் தம்பியும் என் கண்ணுக்கு முன்னால் தலை நரைக்க வேண்டும், எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். இந்தக் கடிதத்தைப் படித்த கையோடு உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகக் குமாரிடம் சொல்லியிருக்கிறேன். போகாவிட்டால் உன் கம்பெனி மேனேஜர் நம்பர் வாங்கித் தமிழிலேயே திட்டுவேன், அவருக்குப் புரிகிறதா இல்லையா என்பது அவர் பாடு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அங்கேயும் ஒரு டாக்டர் என்ன பழக்கம் என்று கேட்பார். உன் தம்பிக்குப் பக்கத்தில் நின்று நான் சொன்னேன். உனக்குச் சொல்ல நான் அங்கே இல்லை கண்ணு, நீயேதான் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும் அம்மா
தீர்த்தம்மாள்